யாராவது சொல்லியிருப்பார்கள்

என் கணவரை நல்லவர் என்று யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவர் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம், வாயைத் திறக்க மாட்டார் என்று அர்த்தம். அன்றைக்கு சரிதாவும் வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

"பென்னி மாதிரி ஒரு நல்ல மனுஷன பாக்கவே முடியாதுக்கா."

"தண்ணி குடி," என்றேன்.

கத்திரி வெயில். கோவிலம்பாக்கத்தில் குழாயில் காற்று மட்டும் வரும் மாதம். என் அண்ணன் கிருபாவுக்குச் சொந்தமாக நான்கு தண்ணீர் லாரிகள் இருக்கின்றன. அந்த லாரிகளுக்கு போன் எடுத்து, எந்த அபார்ட்மென்டுக்கு எத்தனை மணிக்கு எந்த வண்டி என்று சொல்வதுதான் இப்போது பென்னியின் வேலை. அதற்கு முன்னால், தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றில் கைவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். சரிதா அங்கே அவர் பக்கத்து இருக்கையில் இருந்தவள். மூன்று வருடமாக எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவள்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கிற அளவுதான். ஆனால் பேஜ் டேபிள் என்றால் என்ன என்று நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்யாணமான புதிதில் நாங்கள் செம்பாக்கத்தில் குடியிருந்தோம். ஏரிக்கரையில் நடக்கப் போனால் மற்ற புருஷன்மார்கள் பெண்டாட்டியிடம் என்ன பேசுவார்களோ, இவர் பேஜ் டேபிள் பேசுவார்.

ஒவ்வொரு புரோகிராமும் மெமரியில் ஒரு நீளமான தெரு முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்குமாம். உண்மையில் அதன் வீடுகள் ஊர் பூராவும் சிதறிக் கிடக்கும். எந்த வீடு எங்கே என்று ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு அட்டவணை வைத்திருக்கும். அதுதான் பேஜ் டேபிள். புராசஸர் ஒவ்வொரு தடவையும் அந்த அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பதால், ஒரு தடவை பார்த்த பதிலைத் தனக்குள் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அட்டவணையை மாற்றினால் அந்தப் பழைய ஞாபகத்தை அழிக்கச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில்தான் பென்னிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு கிளம்பும்.

"ஒவ்வொரு சிப்பும் ஒரு குணம் ஏஞ்சல். இன்டெல் வகை அட்டவணைய தானே புரட்டிக்கும். ஆனா ஒரு கோர், அதாவது சிப்புக்குள்ள கீற மூளைங்கள்ல ஒண்ணு, மாத்தினத மத்த கோருக்கெல்லாம் ஒவ்வொருத்தரா தட்டி சொல்லணும். ஆர்ம்ல அப்படி இல்ல, ஒரு குரல் குடுத்தா எல்லாருக்கும் கேட்டுடும். பழைய மிப்ஸ் கீதே, அதுக்கு புரட்டவே தெரியாது. எதுக்கெடுத்தாலும் ஆபரேட்டிங் சிஸ்டத்த கூப்ட்டுனே கெடக்கும்."

எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. எங்கள் வார்டிலும் இதே தொல்லைதான். டாக்டர் கேஸ் ஷீட்டில் மருந்தின் அளவை மாற்றி எழுதிவிட்டுப் போய்விடுவார். காலையில் பார்த்த அளவு நர்ஸ் தலைக்குள் அப்படியே இருக்கும். அதனால்தான் டியூட்டி மாறும்போது படுக்கை படுக்கையாக நின்று, மாறியதை வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எழுதிவிட்டேனே என்று யாராவது சொன்னால் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் தோலை உரித்துவிடுவார். இதை நான் சொன்னபோது பென்னி கைதட்டிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

நடந்தது இதுதான். அவர்கள் கம்பெனி பால் குளிரூட்டும் நிலையங்களுக்கு ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்தது. அதற்குள் இருந்தது பல வருடமாக இன்டெல் வகை சிப்பில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டம். விலை குறைவு என்று ரிஸ்க்-ஃபைவ் வகையில் ஒரு புதிய சிப்புக்கு மாறினார்கள். மாற்றி எழுதும் வேலை பென்னிக்கு வந்தது. ராப்பகலாக எழுதினார். பெட்டிகள் ஓடின. பிறகு எப்போதாவது ஒரு பெட்டி, காரணமே இல்லாமல், அப்படியே நின்றுபோகும். அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். ஒரு ஊரில் அப்படி நின்றபோது யாரும் கவனிக்கவில்லை, டேங்க் நிறையப் பால் திரிந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

அவர்களுடைய தலைவர் சுந்தரராமன் மீட்டிங் போட்டாராம். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எல்லா சிப்புக்கும் பொதுவான பகுதியை எழுதியவர் அவர். அது வருடக்கணக்காக இன்டெலில் ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடியது. புதிதாக எழுதப்பட்டது பென்னியின் பகுதி மட்டும்தான். யாரும் அவரைக் குற்றம் சொல்லக்கூட இல்லை. அந்தச் சிரமத்தையும் அவர்களுக்கு வைக்காமல் இவரே எழுந்து நின்று, "புதுசு என்னுதுதான் சார், அப்போ தப்பும் என்னுதாதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மாதம் அந்தத் தப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விரலால் எதையோ எழுதிக்கொண்டிருப்பார். என் அண்ணன்தான் ஒரு நாள் வந்து, "இன்னா மச்சான், வூட்லயே குந்திகினு இன்னா பண்ணப் போற? வந்து நம்ம போன எடு, எனக்கு பேஜாரா கீது," என்று இழுத்துக்கொண்டு போனான். போனை எடுத்தார். ஆனாலும் ஆள் பாதிதான் இருந்தார்.

அவரைக் காப்பாற்றியது சபைதான். அதை நான் மறுக்க முடியாது. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. தேவன் தங்களுக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்லலாம். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத பென்னி ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தார். தான் பெருமையோடு இருந்ததாகவும், தன் தவறால் ஒரு கம்பெனியே நஷ்டப்பட்டதாகவும், அந்தத் தவற்றைக் கொண்டு கர்த்தர் தன்னைத் தாழ்த்தி, மனுஷனாக்கினார் என்றும் சொன்னார். பாதி சபை அழுதது. அன்று இரவு அவர் தூங்கினார். அதிலிருந்து வாலிபர் கூட்டத்தில் சொல்லச் சொல்வார் போதகர், பெரும்பாக்கம் குடியிருப்பில் நடக்கும் ஜெபக் கூட்டத்தில் சொல்லச் சொல்வார். சொல்லச் சொல்ல அவர் நிமிர்ந்தார். நானும் ஸ்தோத்திரம் பண்ணினேன். புருஷன் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்று இருந்தது எனக்கு.

இத்தனையும் தெரியாமல் சரிதா என் எதிரே உட்கார்ந்து டம்ளரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன வாரம் ஒரு சந்தேகம் கேக்க பென்னிக்கு போன் பண்ணேன். பேச்சுவாக்குல, 'என் தப்பால உங்களுக்கெல்லாம் எவ்ளோ கஷ்டம்'னாரு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அவருக்கு இன்னும் தெரியாதாக்கா?"

"என்ன தெரியாதா?"

"அது அவர் தப்பே இல்லக்கா."

நான் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

அவள் சொன்னாள். இன்டெல் வகையில், காலியாக இருந்த இடத்தில் புதிதாக ஒரு வீட்டைக் கட்டினால் புராசஸருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'இங்கே ஒன்றும் இல்லை' என்ற பதிலை அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அடுத்த தடவை தானே போய்ப் பார்த்துக்கொள்ளும். இந்தப் புதிய சிப் அப்படி இல்லை. 'இல்லை' என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். வீடு கட்டியாகிவிட்டது, மறுபடி போய்ப் பார் என்று சொன்னால்தான் பார்க்கும். சொல்லாவிட்டால், எதிரே வீடு இருக்கும்போதே இல்லை என்று சாதித்து, மொத்த சிஸ்டத்தையும் நிறுத்திவிடும்.

"அதச் சொல்ற புரோகிராம் துண்ட, ஃபங்ஷன்னு சொல்வாரே, அத பென்னி எழுதாம விட்டுட்டாரா?" என்று கேட்டேன்.

"எழுதியிருந்தாருக்கா. ரொம்ப சுத்தமா எழுதியிருந்தாரு. ஆனா அது தானா ஓடாது, பொதுவான பகுதியில அத கூப்பிடுற வரி ஒண்ணு இருக்கணும், அது இல்ல. ரொம்ப வருஷம் முன்னாடி, இன்டெலுக்கு இது தேவையில்லன்னு சுந்தரராமன் சார் அந்த வரிய எடுத்துட்டாரு. அப்போ வேற சிப்பே இல்ல, அதனால அப்போ அது தப்பும் இல்ல. இப்போ அந்த வரிய திரும்பப் போட்டோம். ஒரே ஒரு வரிதான். அதுக்கப்புறம் ஒரு பெட்டிகூட நிக்கல."

"எப்போ போட்டீங்க?"

அவள் டம்ளரைப் பார்த்தாள். "போன தீபாவளிக்கு முன்னாடிக்கா."

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், ஈஸ்டர் எல்லாம் போய்விட்டது. ஜனவரியில் சிறுசேரியிலிருந்து ஒரு கம்பெனி இவரைத் தேடிக் கூப்பிட்டது. இதே வேலை, நல்ல ஆட்கள். தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று பதில் எழுதினார். எழுதிவிட்டு வந்து லாரிக்கு போன் எடுத்தார். அப்போதே பழைய ஆபீசில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏண்டி ஒருத்திகூட சொல்லல?" என்று கேட்டேன். 'டி' எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"சுந்தரராமன் சார் சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சேன். நான் ஃப்ரெண்டுங்கறதால நான் சொல்லியிருப்பேன்னு அவர் நெனச்சாராம். மத்தவங்களும் யாராவது சொல்லியிருப்பாங்கன்னு..." அழ ஆரம்பித்துவிட்டாள். "தப்பெல்லாம் பதிஞ்சு வைக்கிற லிஸ்ட்லகூட காரணத்த மாத்தி எழுதி க்ளோஸ் பண்ணிட்டோம்க்கா. பென்னி பேரையே எடுத்துட்டோம்."

எழுதிவிட்டார்களாம். என் வார்டில் என்றால் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் அழுகிறவளை என்ன செய்வது, காபி போட எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். எனக்குக் கோபம் மட்டும் இல்லை, சந்தோஷமும்தான். அவர் தப்பு இல்லை, அவர் தப்பு இல்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல் பாடிக்கொண்டே இருந்தது. என் ஆள் பழையபடி எனக்குக் கிடைத்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பென்னி சாப்பிட வந்தபோது சரிதா எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் நின்றுகொண்டே கேட்டார். பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"வரிய எங்க போட்டீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவள் சொன்னாள்.

"அங்க போட்டா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவ ஓடுமே. சும்மா எல்லா கோரையும் தொந்தரவு பண்ணிகினு இருக்கும். மொத்தத்தையும் கட்டி முடிச்சிட்டு கடைசியில ஒரு தடவ சொன்னா போதும். ஆர்முக்கு அதுகூட வேணாம், எழுதினது போய்ச் சேர்ற வரைக்கும் கொஞ்சம் நிக்க வெச்சா போதும்..." அவர் விரல் காற்றில் கட்டம் கட்டமாகப் போட்டது. கண் ஏரிக்கரையில் இருந்த கண்ணாக இருந்தது. நான் சமையலறை வாசலில் அசையாமல் நின்றேன்.

"இத நீங்களே வந்து எழுதுங்க பென்னி," என்றாள் சரிதா. "சார்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமையே வரச் சொல்றாரு."

விரல் நின்றது.

"என் ஃபங்ஷன் சரியா கீதான்னு நான் நூறு தடவ பாத்தேன் சரிதா," என்றார். "அத யாராவது கூப்பிடுறாங்களான்னு ஒரு தடவகூட பாக்கல. சார் எழுதினதாச்சே, அதுல என்னா இருக்கப் போவுதுன்னு விட்டுட்டேன். பாத்திருக்கணும்ல? அப்போ அதுவும் என் தப்புதானே."

"ஐயோ, அது எப்படிங்க உங்க தப்பு?" என்று நான் கத்தினேன்.

"கத்தாத ஏஞ்சல். சரிதா சாப்ட்டு போகட்டும்." கை கழுவப் போய்விட்டார்.

அவள் போன பிறகு நான் விடவில்லை. திங்கட்கிழமை போங்கள் என்றேன், சிறுசேரிக்கு எழுதுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். சாயங்காலம் மட்டும் ஒன்று சொன்னார். "அவ சொல்றது காதுல விழுது. உள்ள போகல. மூணு வருஷமா நான் அந்தத் தப்பு மேலதான் நின்னுகினு இருக்கேன். அத உருவிட்டா நான் எங்க நிக்கறது?"

ஞாயிறு காலை அவரே எனக்கு முன்னால் எழுந்து, சட்டைக்கு இஸ்திரி போட்டார். முகம் தெளிவாக இருந்தது. சபையில் பாட்டு முடிந்து, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்று போதகர் சொன்னார். ஆண்கள் பக்கத்தில் பென்னி எழுந்தார். பெண்கள் பக்கத்தில் நான் சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லப் போகிறார், சபை முழுக்கக் கேட்கப் போகிறது, அதன் பிறகு அவராலும் மறுக்க முடியாது என்று நினைத்தேன்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம்," என்றார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நான் என் வேலையில ரொம்ப பெருமையா இருந்தேன். என் தவறால ஒரு கம்பெனி நஷ்டப்பட்டுச்சு..."

வார்த்தை பிசகாமல் அதே சாட்சி. முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"சொல்லுங்க சகோதரி," என்றார் போதகர், புன்னகையோடு.

"தப்பு அவருது இல்ல பாஸ்டர்," என்றேன். "என் வீட்டுக்காரர் எந்தத் தப்பும் பண்ணல. இவர் தப்பு இல்லன்னு அந்த ஆபீஸ்காரங்களே வந்து சொல்லிட்டாங்க. இவர் எழுதினது எல்லாமே சரி. இனிமே இவர் இந்த மாதிரி சொல்லக் கூடாது."

போதகர் கண்களை மூடிக் கையை உயர்த்தினார். "தன் கணவனின் குறைகளை அன்பினால் மூடுகிற மனைவியைத் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்." சபை முழுக்க, "ஆமென்," என்றது. அத்தனை பேரும் மனசாரச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பேபி ஆன்ட்டி என்னை இழுத்து உட்காரவைத்து, கன்னத்தைத் தடவினார். "புருஷன எந்த எடத்துலயும் விட்டுக் குடுக்கக் கூடாது. நீதாம்மா பொண்ணு," என்றார். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு இரைந்து கத்த வேண்டும்போல இருந்தது. யாரிடம் கத்துவது? அவர்கள் எல்லாருமே என் மேல் பிரியமாக இருந்தார்கள்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினோம். இருநூறு அடி ரோட்டு சிக்னலில் நின்றபோது, "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லணும்னுதான் எழுந்தேன் ஏஞ்சல். சத்தியமா. வாய தொறந்தா பழசுதான் வந்துச்சு."

"சரி, நான் சொன்னேனே. அப்பவாவது எழுந்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் திரும்பவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீ பேசினப்போ, பாவம், என்மேல எவ்ளோ பாசம் இவளுக்குன்னுதான் எனக்கும் தோணுச்சு. எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நானும் சேர்ந்து சொல்லிட்டேன்."

சிக்னல் விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் வண்டியை எடுத்தார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்து, வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.